சொட்டு எவ்வளவு வேகமாக விழ வேண்டும்?

போன வாரம் சித்தப்பாவின் காரியம். பாலக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கிராமம். பந்தலில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நாலு நாளா ஒடம்பு ஒரே அசதியா கெடக்குதுங்க. இப்படியே டவுனுக்குப் போயி ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டு வூட்டுக்குப் போயிட்டா தேவல.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டாகச் சொல்கிறாரோ? இல்லை. நிஜமாகவே சொல்கிறார்.

சித்தப்பா எப்படிப் போனார் என்று அந்தப் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பாட்டில் ஏற்றித்தான் போனார். ஒன்று அல்ல, இரண்டு.

நம் பக்கத்தில் டிரிப்ஸ் என்பது வைத்தியம் மாதிரி இல்லை, உபசாரம் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் பாட்டில் போட்டால் நன்றாகக் கவனித்தார் என்று அர்த்தம். மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால்? “அவருகிட்ட போவாதீங்க, ஒண்ணும் பாக்க மாட்டாரு” என்று ஊரே சொல்லிவிடும். உப்புத் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் நரம்புக்குள் போனால் தெம்பு வந்துவிடும் என்று நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

தண்ணீர்தானே, என்ன செய்துவிடும்?

சித்தப்பாவுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அவர் தக்காளி விவசாயி. எழுபதை நெருங்கிய வயது. ரெண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து, இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி பாதியாகக் குறைந்துவிட்டது என்று தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உப்பைக் குறைக்கணும், தண்ணீரையும் அளந்துதான் குடிக்கணும். அன்றிலிருந்து சித்தி அவருக்குத் தம்ளர் கணக்கில்தான் தண்ணீர் கொடுப்பாள். வெயிலில் தோட்டத்திலிருந்து வந்து “இன்னும் ஒரு வாய் குடுடி” என்று அவர் கேட்டாலும் தர மாட்டாள். அதற்காக அவர் அவளைத் திட்டாத திட்டு இல்லை.

போன மாதம் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். ரெண்டு வேளை சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மகன் மாதேஷ் தக்காளி ஏற்றிய குட்டியானை லோடு வண்டியிலேயே அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பாலக்கோட்டுக்குக் கூட்டி வந்தான். மாதேஷ் என்பது உண்மைப் பெயர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது போகப் போகப் புரியும்.

வழியில் ஒரு நர்ஸிங் ஹோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார்.

“நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடறாருங்க,” என்றாள் சித்தி.

டாக்டர் “ம்” என்றார். நர்ஸைத் திரும்பிப் பார்த்து, “ரெண்டு பாட்டில் போட்டு அனுப்பும்மா,” என்றார். எவ்வளவு நேரத்தில், எந்த வேகத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த நர்ஸ் சத்யா. இதுவும் மாற்றிய பெயர்தான். பென்னாகரம் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிட்டாள். “நோகவே இல்ல பாப்பா,” என்று சித்தப்பா அவளைப் பாராட்டினாராம்.

முதல் பாட்டில் முடிந்தது. இரண்டாவது ஏறிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா இருமத் தொடங்கினார். மூச்சு வாங்குது, எழுந்து உட்காரணும் என்றார். கை ஆடினால் ஊசி நகர்ந்துவிடும் என்று சத்யா அவரைப் படுக்கச் சொன்னாள். உடம்பு நடுங்கியது. குளிர் என்று நினைத்துப் போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். பாட்டில் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

வாயில் நுரை தள்ளிய பிறகுதான் அவள் டாக்டருக்கு போன் போட்டாள். அவர் அங்கிருந்தே “அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு” என்றார்.

நான் தர்மபுரியில் இருக்கிறேன். செய்தி கேட்டு இங்கே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது சித்தப்பாவுக்கு முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது.

டியூட்டியில் இருந்த டாக்டரம்மா வெளியே வந்து எங்களிடம் கேட்டார்.

“இவருக்கு ஹார்ட் வீக்குன்னு அங்க சொன்னீங்களா?”

“சொன்னமுங்க,” என்றாள் சித்தி.

“அப்புறம் ரெண்டு பாட்டிலை இவ்வளவு வேகமா யாரு ஏத்தினது? நுரையீரல் பூரா தண்ணி. இந்த மாதிரி ஆளுக்குப் போடறதே யோசிச்சுப் போடணும். போட்டாலும் சொட்டுச் சொட்டா விடணும். பக்கத்துலயே நின்னு பாக்கணும். வயித்தால போய் வத்திப்போன ஆளுன்னா வேகமா விடலாம், விட்டுத்தான் ஆகணும். ஆளைப் பார்த்துத்தானே அளவு?”

மாதேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் சித்தப்பா போய்விட்டார். தண்ணீர் தாகமெடுத்தே வாழ்ந்த மனுஷன், தண்ணீரில் மூழ்கிப் போனார்.

சித்தி என்னைப் பார்த்து, “நான் ஒரு தம்ளர் அதிகமாக் குடுத்ததில்ல சாமி,” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எத்தனையோ ஊரில் பார்த்திருப்பீர்கள். சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள் எல்லோரும் நர்ஸிங் ஹோம் முன்னால் உட்கார்ந்தார்கள். பஸ் நின்றது. போலீஸ் வந்தது. எல்லோரையும்விட மாதேஷ்தான் பலமாகக் கத்தினான்.

“அந்தப் பொண்ண வெளிய அனுப்புங்க. எங்கப்பன எப்படிக் கொன்னாள்னு அவளே சொல்லட்டும்.”

டாக்டர் வரவில்லை. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு, “அந்த நர்ஸ வேலைய வுட்டு நிறுத்திட்டமுங்க,” என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டது. நியாயம் கிடைத்துவிட்டதாம். பின்பக்க வழியாக அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். தெருமுனை திரும்பும்வரை ஒரு கூட்டம் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே ஆட்டோவைத் துரத்தியது.

எனக்கு அந்த டாக்டரம்மாவின் கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு வேகமாக ஏன் ஏற்றினாள்? கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம். சில நாள் கழித்து விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

பென்னாகரத்திலிருந்து இன்னும் உள்ளே. அவள் அப்பா ஆடு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நான் செத்தவருக்குச் சொந்தம் என்பதை மறைக்கவில்லை. சண்டைக்கு வரவில்லை என்று சொன்னேன். உள்ளேயிருந்து, “வரட்டும் வுடும்மா,” என்று குரல் கேட்டது.

இருபது இருபத்தோரு வயது இருக்கும். கண்கள் வீங்கியிருந்தன.

“எங்கம்மா படிச்ச?”

“தர்மபுரில சார். ஒரு வருச கோர்ஸ். மாடியில ஒரு ட்ரெயினிங் சென்டர்.”

“டிரிப்ஸ் போடறது சொல்லிக் கொடுத்தாங்களா?”

“ஊசி போடக் கத்துக் குடுத்தாங்க சார். ரப்பர் டியூப்ல குத்திப் பழகினோம். பிரஷர் பாக்க, கட்டுப் போடக் கத்துக் குடுத்தாங்க. சொட்டுக் கணக்கு புக்குல இருந்துச்சு. மிஸ் அத வூட்ல படிச்சுக்கச் சொன்னாங்க. பரிச்சையில அது வரல.”

கோபமாக இல்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில?”

“சீனியர் அக்காகிட்ட கேட்டேன் சார். கண்ணால பாத்து வுடு, பழகிடும்னாங்க. எல்லாருக்கும் வேகமாத்தான் வுடுவோம். அடுத்த ஆளுக்கு பெட் வேணுமில்ல.”

வேகமாக விட்டால் சிலருக்கு மூச்சு முட்டும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“நான் வுட்டதுகூட அவ்ளோ வேகம் இல்ல சார். அவரு மகன்... அந்த அண்ணன், வண்டியில தக்காளி நிக்குது, மண்டியில ஏலம் முடிஞ்சுடும், சீக்கிரம் ஏத்துங்கன்னு கேட்டாரு. நான் இன்னொரு பேஷன்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். அவரே டியூப்ல சொட்டக் கூட்டிக் குறைக்கற சக்கரத்த மேல தள்ளி வுட்டுட்டாரு. நான் பாத்தேன்.”

“பாத்தியா? பாத்துட்டு ஏன்மா தடுக்கல?”

“தடுக்கணும்னு எனக்குத் தெரியாது சார். சீக்கிரம் ஏறினா நல்லதுதானன்னு நானும் வுட்டுட்டேன்.”



“இதை யாருகிட்டயாவது சொன்னியா?”

“டாக்டருகிட்ட சொன்னேன். ‘அவன் திருப்பறப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த’ன்னு கேட்டாரு.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசுக்குள் ஒரே வழக்கு. யாரைக் குற்றவாளி என்பது? அப்பாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு ஏலத்துக்கு அவசரப்பட்ட மகனையா? தக்காளி ஒரு நாள் தங்கினால் அழுகும் என்று அவனுக்குத் தெரியும். தண்ணீர் வேகமாக ஏறினால் அப்பா சாவார் என்று யார் அவனுக்குச் சொன்னது? பரீட்சையில் வராத பாடத்தைப் படிக்காத பெண்ணையா? அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்ன மிஸ்ஸையா? “ம்” என்று மட்டும் சொன்ன டாக்டரையா?

முறையாகப் படித்து, மணிக்கொரு தரம் வந்து சொட்டை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும் நர்ஸ்களை நான் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆகும் சம்பளம் கொடுக்க மனசில்லாத இடங்களில்தான் சத்யாக்கள் நிற்கிறார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டால் யார் எதைப் படித்தார்கள் என்று நோயாளிக்குத் தெரியவா போகிறது? லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்கும் ஊரில், நரம்புக்குள் தண்ணீர் விட ஒரு வெள்ளைக் கோட்டு போதுமாக இருக்கிறது.

இனி காரிய வீட்டுப் பந்தலுக்குத் திரும்பி வருகிறேன். பாட்டில் ஏற்றப் போவதாகச் சொன்ன சொந்தக்காரரை நானும் இன்னொருவரும் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். நிஜமாகவே வீட்டுக்குத்தான் போனாரா என்பது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது மாதேஷ் என்னை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனான். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே நின்றான்.

“அண்ணா, நீங்க அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போனீங்களாமே?”

“ஆமாம்.”

“சக்கரத்தப் பத்திச் சொன்னாளா?”

நான் கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

“டாக்டரம்மா கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சுண்ணா. அன்னியிலிருந்து தக்காளியத் தொடவே முடியல.”

“புரிஞ்சுமாடா அன்னிக்கு ரோட்ல உக்காந்து அவளை அப்படித் திட்டின?”

“சத்தம் போடாம இருந்திருந்தா நான் என்ன பண்ணிக்கிட்டிருப்பேன்னு எனக்கே தெரியலண்ணா.”

அவனைத் தேற்ற வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஆட்டோவில் முகத்தை மூடிக்கொண்டு போன பெண் நினைவுக்கு வந்தாள். தேற்றவில்லை. அவளைப் போய்ப் பார்க்கலாம் வா என்றேன். உடனே சரி என்றான். இதை எழுதலாமா என்றும் கேட்டேன்.

“எழுதுங்க. பேரு மட்டும் வேணாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அது ஒண்ணுதான் நிம்மதி.”

இந்த வாரத் தொடக்கத்தில் போனோம். அவள் வீட்டில் இல்லை. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிளினிக்கில் சேர்ந்துவிட்டாளாம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. குறைந்த சம்பளத்துக்கு வரும் ஆளை யாராவது வேண்டாம் என்பார்களா?

அந்தக் கிளினிக்குக்கே போனோம். மாதேஷைப் பார்த்ததும் அவள் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

“பயப்படாத பாப்பா,” என்றான் மாதேஷ். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துவைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. கடைசியில், “சக்கரத்தத் திருப்பினது நான்தான்னு எங்க ஊர்ல சொல்லிடறேன்,” என்றான்.

அவள் அவனையே பார்த்தாள்.

“சொல்லி என்ன ஆவப்போவுதுங்க... ஒக்காருங்க,” என்று ஸ்டூலை நகர்த்தினாள்.

மன்னித்தாளா? தெரியவில்லை. அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. உள்ளே மூன்று கட்டில்களிலும் ஆட்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் பாட்டில் தொங்கியது.

ஓரக் கட்டிலில் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண். ராத்திரி முழுவதும் வாந்தி, பேதி. கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. பேசக்கூடத் தெம்பில்லை. மேலே பாட்டில் நிறைய இருக்க, சொட்டு விழுவது... ஒன்று விழுந்து அடுத்தது வருவதற்குள் எனக்கே பொறுமை போய்விட்டது. அவள் புருஷன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இன்னும் கொஞ்சம் வேகமா வுடக் கூடாதுங்களா?”

“யாரும் கை வெக்காதீங்க,” என்றாள் சத்யா. குரல் உறுதியாக இருந்தது.

எனக்கு முதலில் சந்தோஷம். பரவாயில்லை, கற்றுக்கொண்டாள். அப்புறம்தான் மற்ற இரண்டு பாட்டில்களையும் பார்த்தேன். அவற்றிலும் அதே வேகம்.

“எல்லாருக்கும் இப்படித்தான் விடுவியாம்மா?”

“ஆமா சார். இப்ப எல்லாருக்கும் மெதுவாவே வுட்டுடறேன். எதுக்கு வம்பு?”

டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வற்றிப்போன ஆளுக்கு வேகமாக விட்டுத்தான் ஆக வேண்டும். இந்தப் பெண் எங்கள் கண்முன்னால் வற்றிப்போய்க் கிடக்கிறாள். சத்யா அன்றைக்கு எல்லோருக்கும் வேகமாக விட்டாள். இன்றைக்கு எல்லோருக்கும் மெதுவாக விடுகிறாள். சித்தப்பாவின் சாவு அவளுக்குப் பயத்தை மட்டும்தான் கற்றுக் கொடுத்திருந்தது.

“அந்தம்மாவை டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும், கூப்பிடும்மா,” என்றேன்.

தயங்கினாள். பிறகு கதவைத் தட்டினாள். டாக்டர் எட்டிப் பார்த்தார். புது ஆள், இளைஞர். கட்டிலுக்கு வந்தார். அந்தப் பெண்ணின் கையைத் தொட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். கட்டை விரலால் சக்கரத்தை மேலே தள்ளினார். சொட்டுகள் சேர்ந்து கோடாக ஓடின. ஒரு வார்த்தை பேசவில்லை. சத்யாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் கண்ணைத் திறந்து புருஷனைத் தேடினாள். பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. மாதேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

சத்யா மட்டும் கோடாக ஓடும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் குழப்பமும் பயமும் இருந்தன. மெதுவாக என் பக்கம் வந்தாள்.

“சார், இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் சார் அவ்ளோ வேகமா தொறந்து வுட்டுட்டுப் போறாரு? ஒண்ணும் ஆவாதா?”

பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிறாள். பதில் தெரிந்தவர் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்.